உலோகத்தில் வீணாகும் கதிர்

(உலகக் கதிர்ப்படவியல் தினத்தை ஒட்டித் திருகோணமலையில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)

   

இன்று நவம்பர் 8. 1895ஆம் ஆண்டு இதே நாளில், ஜேர்மனியின் வூர்ஸ்பேர்க் நகரில், வில்ஹெல்ம் ரொன்ட்ஜன் என்ற பௌதிகப் பேராசிரியர் கண்ணுக்குத் தெரியாத ஒரு கதிர் தன் இருட்டறையில் ஒரு திரையை ஒளிரவைப்பதைக் கண்டார். அந்தக் கதிரைக் கொண்டாடும் நாள் இது. ஆனால் நான் கதிரைக் குறைப்பதைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். அதிலும் ஒரேயொரு விடயம்தான்: இடுப்பு மூட்டில் உலோகம் வைத்த ஒருவருக்கு சி.ரி. ஸ்கான் எடுக்கும்போது, அவருடைய உடம்புக்குள் போகும் கதிரை எப்படிக் குறைப்பது?

இவ்வளவு சிறிய விடயத்துக்கு ஒரு கூட்டமா என்று நீங்கள் நினைக்கலாம். சுற்றிப் பாருங்கள். குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பு முறிந்து ‘ஒஸ்ரின் மூர்’ என்ற உலோக மூட்டு வைத்த அம்மம்மா இல்லாத தெரு எங்கள் ஊரில் இருக்கிறதா? கண்டி வீதியில் மோட்டார் சைக்கிளில் போய் அடிபட்டுத் தொடையில் கம்பி போட்ட பிள்ளை இல்லாத கிராமம் இருக்கிறதா? போரில் பாய்ந்த செல் (எறிகணை) துண்டு இன்னும் உடம்புக்குள் கிடக்கிறவர்கள் எத்தனை பேர்! மற்ற ஊர்களில் உடம்பில் உலோகம் என்றால் அது முதுமையின் கதை. இந்தத் துறைமுகத்தைச் சுற்றி வாழும் எங்களுக்கு அது முதுமையின் கதை மட்டுமல்ல, வீதியின் கதை, போரின் கதையும்கூட. ஆகவே இது சிறிய விடயமல்ல.

எங்கள் மாவட்டத்தின் வடக்குக் கோடியில் புல்மோட்டை இருக்கிறது. அந்தக் கடற்கரையின் கறுப்பு மணலைப் பார்த்திருப்பீர்கள். அதில் என்ன இருக்கிறது? இல்மனைட் இருக்கிறது, ரூட்டைல் இருக்கிறது, சிர்க்கோன் இருக்கிறது, கொஞ்சம் மொனசைட்டும் இருக்கிறது. இல்மனைட்டிலும் ரூட்டைலிலும் உள்ளது டைட்டேனியம். இந்தக் கனிமங்களில் பெரும் பங்கு உலகெங்கும் வெள்ளைச் சாயம் செய்யவே போகிறது. ஆனால் செயற்கை இடுப்பு மூட்டுக்காகத் தொடை எலும்புக்குள் செருகும் தண்டைச் செய்யும் டைட்டேனியமும் இதே கனிமங்களிலிருந்துதான் பிறக்கிறது. சிர்க்கோனிலிருந்து வரும் சிர்க்கோனியத்தைச் சேர்த்து, மூட்டின் உருண்டைத் தலைகளில் சில வகைகளைச் செய்கிறார்கள். மொனசைட்டில் தோரியம் இருக்கிறது. அது தானாகவே கதிர் வீசும் பொருள். உலோகம், கதிர், இரண்டுமே எங்கள் கரையில் கிடப்பவை. இவை இரண்டும் ஒரு மனிதரின் இடுப்பில் சந்தித்தால் என்ன நடக்கிறது என்பதை நாங்கள் தெரிந்துகொள்ள வேண்டாமா?

முதலில் உலோகத்தின் கதை. 1940இல் அமெரிக்காவில் ஒஸ்ரின் மூர், ஹரோல்ட் போல்மன் என்ற இரண்டு சத்திரசிகிச்சை நிபுணர்கள் தொடை எலும்பின் மேற்பகுதிக்குப் பதிலாக உலோகத்தை வைத்தார்கள். அந்த மூரின் பெயரைத்தான் எங்கள் வோர்ட்டுகளில் இன்றும் சொல்கிறோம். 1962 நவம்பரில் இங்கிலாந்தின் றைற்றிங்ரன் வைத்தியசாலையில் ஜோன் சாண்லி என்பவர் உலோகத் தண்டு, அடர்ந்த பொலித்தீன் கிண்ணம், பிடித்துக்கொள்ள அக்கிறிலிக் சீமெந்து என்று முழு மூட்டையும் மாற்றும் முறையை நிலைநிறுத்தினார். நடக்க முடியாதவர்கள் நடந்தார்கள். இருபதாம் நூற்றாண்டின் வைத்தியம் மனிதருக்குக் கொடுத்த பெரிய கொடைகளில் இது ஒன்று என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

அடுத்தது ஸ்கானின் கதை. 1971 ஒக்டோபர் 1ஆம் திகதி, லண்டனில் அட்கின்சன் மோர்லி வைத்தியசாலையில், கொட்ஃப்ரி ஹவுன்ஸ்ஃபீல்ட் செய்த இயந்திரத்தில் முதலாவது நோயாளியின் தலையைப் படம் எடுத்தார்கள். 1979இல் அவருக்கும் அலன் கோர்மக்குக்கும் நோபல் பரிசு கிடைத்தது. எக்ஸ்ரே குழாய் உடம்பைச் சுற்றிச் சுழல்கிறது. எல்லாப் பக்கத்திலிருந்தும் கதிர் நுழைகிறது. எதிர்ப்பக்கத்தில் எவ்வளவு கதிர் வெளியே வந்தது என்று அளக்கிறார்கள். அந்தக் கணக்கிலிருந்து கணினி உள்ளே இருப்பதை வரைகிறது. வெளியே வந்த கதிர்தான் படம். இதை நன்றாக மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். உள்ளே போன கதிர் படம் அல்ல. வெளியே வந்த கதிர்தான் படம்!

இப்போது அந்தச் சுழலும் குழாயின் முன்னே கோபால்ட்-குரோம் கலப்புலோகத்தில் செய்த மூட்டின் உருண்டைத் தலை ஒன்று வருகிறது. அதன் அடர்த்தி நீரைப்போல எட்டு மடங்குக்கு மேல். டைட்டேனியம் ஏறக்குறைய நாலரை மடங்குதான், அதனால் அது கதிரைக் குறைவாகவே மறிக்கிறது. ஆனால் கோபால்ட்-குரோமும் துருப்பிடிக்காத உருக்கும் கடுமையான சுவர்கள். கதிர் போய் முட்டுகிறது. மறுபக்கத்தில் வருவது சொற்பம். வரும் அந்தச் சொற்பமும் சக்தி கூடிய கதிர் மட்டுமே, மெலிந்த கதிர் எல்லாம் உள்ளேயே நின்றுவிடுகிறது. கணினி குழம்புகிறது. படத்தில் வெள்ளைக் கீற்றும் கறுப்புப் பட்டையும் விழுகின்றன. இரண்டு இடுப்பிலும் உலோகம் வைத்தவர் என்றால் நிலைமை இன்னும் மோசம். பக்கவாட்டில் போகும் கதிர் இரண்டு உருண்டைகளையும் கடக்க வேண்டும். இரண்டுக்கும் நடுவே ஒரு கரிய பட்டை குறுக்கே விழுகிறது. அந்த நடுவில் என்ன இருக்கிறது? சிறுநீர்ப்பை, மலக்குடல், பெண்களுக்குக் கருப்பை, ஆண்களுக்குப் புரஸ்டேட். வைத்தியர் பார்க்க விரும்பிய இடமே மறைந்துபோகிறது.

இது வரைக்கும் படத்தின் பிரச்சினை. இனித்தான் கதிரின் பிரச்சினை வருகிறது. இந்தக் கூட்டத்துக்கு நான் வந்ததே இதைச் சொல்லத்தான்.

இன்றைய சி.ரி. இயந்திரங்களில் ஒரு நல்ல ஏற்பாடு உண்டு. மெலிந்தவருக்குக் கதிரைக் குறைக்கும், பருத்தவருக்குக் கூட்டும். கழுத்துக்குக் குறைக்கும், தோளுக்குக் கூட்டும். முதலில் ஸ்கவுட் என்று ஒரு தட்டையான முன்படம் எடுப்பார்கள். அதைப் பார்த்து, எந்த இடம் கதிரை எவ்வளவு மறிக்கிறது என்று இயந்திரம் கணக்கிட்டு, குழாயின் மின்னோட்டத்தை இடத்துக்கு இடம் மாற்றும். கோடிக்கணக்கான நோயாளிகளின் கதிரளவை இந்த ஏற்பாடு குறைத்திருக்கிறது. அதை நான் மனமாரப் பாராட்டுகிறேன்.

ஆனால் உலோகம் வரும்போது? பல இயந்திரங்களுக்கு உலோகத்தை உலோகம் என்று தெரியாது. இங்கே கதிர் மறிக்கப்படுகிறது, ஆகவே இவர் இந்த இடத்தில் மிகவும் பருத்தவர் என்று அது நினைத்துக்கொள்கிறது. மின்னோட்டத்தை ஏற்றுகிறது. இன்னும் ஏற்றுகிறது. சில வேளைகளில் அதன் உச்ச எல்லை வரைக்கும் போய்விடுகிறது. படுத்திருப்பவர் நாற்பது கிலோ எடையுள்ள ஒரு மெலிந்த ஆச்சியாக இருக்கலாம். அவருடைய இடுப்புக்கு, மிகவும் பருத்த ஒருவருக்குக் கொடுக்கும் கதிரைக் கொடுத்துவிடுகிறது.

கூடக் கொடுத்ததால் படம் தெளிந்ததா? இல்லை! எங்கள் ஊர்ச் சுவாமிமலைப் பாறைக்குப் பின்னால் விழும் நிழலைப் போக்க, முன்னால் ஒரு வெளிச்சவீடு இருந்து அதன் விளக்கை இரண்டு மடங்காக்கினால் நிழல் போகுமா? பாறை பாறையாகத்தான் நிற்கும். உலோகத்தின் கீற்றுகளில் பெரும் பகுதி மின்னோட்டத்தைக் கூட்டுவதால் மறைவதில்லை. கதிர் போனது, படம் வரவில்லை. கூட்டிய கதிரெல்லாம் உலோகத்தோடு முட்டி முடிந்தாலும் பரவாயில்லை என்று விடலாம். அப்படியும் இல்லை. குழாய் வீசுவது விசிறிபோல விரிந்த கற்றை. உலோகத்தைத் தொடாமல் அதன் முன்னாலும் பின்னாலும் போகும் கதிரும் அதே அளவுக்குக் கூடுகிறது. அது சிறுநீர்ப்பைக்குள் போகிறது, குடலுக்குள் போகிறது, இடுப்பெலும்பின் மச்சைக்குள் போகிறது, இளம் பெண்ணாக இருந்தால் சூலகத்துக்குள் போகிறது.

இன்னொரு கணக்கையும் மாணவர்கள் குறித்துக்கொள்ளுங்கள். சாதாரண உடம்பில்கூட, படத்தின் புள்ளிக் கரகரப்பைப் பாதியாகக் குறைக்கக் கதிரை நாலு மடங்கு கூட்ட வேண்டும். இரண்டு மடங்கு போதாது, நாலு மடங்கு வேண்டும். கொஞ்சம் அழகான படத்துக்கு உடம்பு கொடுக்கும் விலை அவ்வளவு. அப்படியிருக்க, அழகாகவே முடியாத இடத்தில் ஏன் அந்த விலையைக் கொடுக்க வேண்டும்?

சரி, செய்வது என்ன?

முதல் கேள்வி: இந்த ஸ்கான் தேவையா? மூட்டு தளர்ந்திருக்கிறதா என்று பார்க்கச் சாதாரண எக்ஸ்ரே பல நேரங்களில் போதும். அறுவை முடிந்த அன்று எடுத்த படத்தையும் இன்றைய படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தாலே பாதிப் பதில் கிடைத்துவிடும். மூட்டைச் சுற்றி நீர் கட்டியிருக்கிறதா என்று அல்ட்ராசவுண்ட் சொல்லும், அதில் கதிரே இல்லை. உலோகத்துக்கென்று அமைத்த முறையில் எம்.ஆர்.ஐ.யும் எடுக்கலாம். ஆனால் தண்டைச் சுற்றி மெல்லிய முறிவு, எலும்பு கரைந்த அளவு, கிண்ணம் இருக்கும் கோணம் என்று வரும்போது சி.ரி.யே சிறந்தது. மாற்று அறுவைக்குத் திட்டமிடும் நிபுணர் ஸ்கான் கேட்டால், அது நியாயமான கேள்வி. அப்போது பயமில்லாமல் எடுங்கள்.

இடுப்பில் உலோகம் உள்ளவர் இடுப்புக்காகத்தான் ஸ்கானுக்கு வருவார் என்றும் நினைக்க வேண்டாம். எங்கள் வெயிலில் சிறுநீரகக் கல் வந்து துடிப்பவர் எத்தனை பேர்! அவருக்கு வயிற்றிலிருந்து கீழே வரைக்கும் எடுக்க வேண்டும். வழியில் உலோகம் குறுக்கிடுகிறது. ஸ்கான் கேட்டது கல்லுக்காக. கதிர் ஏறியது இடுப்பால்.

இனி ஸ்கான் மேசைக்கு வருவோம். ரேடியோகிராபர் நண்பர்களே, இது உங்களுக்கு. நோயாளியை வளையத்தின் சரியான நடுவில் படுக்கவையுங்கள். மேசை உயர்ந்தோ தாழ்ந்தோ இருந்தால் ஸ்கவுட் படத்தில் உடம்பு பெரிதாகவோ சிறிதாகவோ தெரியும், மின்னோட்டக் கணக்கே பிழைத்துவிடும். எடுக்கும் நீளத்தைச் சுருக்குங்கள். இடுப்பு மூட்டைப் பார்க்க வேண்டுமென்றால் கிண்ணத்துக்குச் சற்று மேலிருந்து தண்டின் நுனிக்குச் சற்றுக் கீழே வரைக்கும் போதும். ஈரல் தெரிய வேண்டிய தேவை என்ன?

அதற்குப் பிறகு மிகவும் முக்கியமானது. தானியங்கி மின்னோட்டத்துக்கு ஓர் உச்ச வரம்பு போடுங்கள். உலோகம் தொடங்கும் முன்பு, இடுப்பெலும்பின் மேல் விளிம்பில், அந்த நோயாளிக்கு இயந்திரம் எவ்வளவு கேட்கிறது என்று பாருங்கள். அவருடைய உடம்புக்கு உண்மையில் வேண்டியது ஏறக்குறைய அவ்வளவுதான். அதைச் சுற்றி வரம்பை வையுங்கள், அல்லது அந்த நோயாளியின் பருமனுக்குப் பொருத்தமான ஒரே மின்னோட்டத்தைக் கையால் கொடுங்கள். சில புதிய இயந்திரங்கள் உலோகத்தைத் தாமாகவே அடையாளம் காணும். உங்களுடைய இயந்திரம் எந்த வகை என்று கட்டாயம் கேட்டு அறிந்துகொள்ளுங்கள். இந்த வரம்புக்குப் பணம் வேண்டாம், புதிய இயந்திரம் வேண்டாம். அறிவும் ஒரு நிமிடமும் போதும்!

உலோகத்தை ஊடுருவ வேண்டுமென்றால் கூட்ட வேண்டியது கதிரின் எண்ணிக்கையை அல்ல, அதன் சக்தியை. குழாயின் மின்னழுத்தத்தை 120 கிலோவோல்ற்றிலிருந்து 140க்குக் கொண்டு போனால் கதிர் சற்று நன்றாக ஊடுருவும், கீற்றுகள் குறையும். ஆனால் கவனம்! மின்னோட்டத்தை அப்படியே விட்டால் கதிரளவு ஏறக்குறைய ஒன்றரை மடங்காகிவிடும். ஆகவே ஒரு கையால் கிலோவோல்ற்றைக் கூட்டினால் மறு கையால் மின்னோட்டத்தைக் குறைக்க வேண்டும். சில இயந்திரங்களில் குழாயின் வாயிலில் வெள்ளீயத் தகடு வைக்கிறார்கள். படத்துக்கு உதவாத மெலிந்த கதிரை அது உடம்புக்கு வெளியிலேயே பிடித்துக்கொள்ளும். இரண்டு சக்தியில் ஒரே நேரத்தில் எடுத்து, கணக்கில் உயர்ந்த சக்தியின் படத்தைப் பிரித்தெடுக்கும் முறையும் இருக்கிறது.

உலோகக் கீற்றைக் கணினிக் கணக்கால் குறைக்கும் மென்பொருள்களும் வந்துவிட்டன. கூடுதல் கதிர் ஒரு துளியும் இல்லாமல், எடுத்த தரவையே திருத்துகின்றன. வேண்டிய படம் இப்படிக் கிடைக்குமென்றால் கதிரைக் குறைக்கும் துணிவும் வரும். ஆனால் ஓர் எச்சரிக்கை. இந்த மென்பொருள் சில நேரங்களில் இல்லாத கறுப்பை உண்டாக்கும், உலோகத்தின் ஓரத்தை அழிக்கும், தளர்வு இல்லாத இடத்தில் தளர்வு போலக் காட்டும். ஆகவே திருத்திய படத்தையும் திருத்தாத படத்தையும் சேர்த்தே கதிரியல் வைத்திய நிபுணருக்கு அனுப்புங்கள்.

"ஈயப் போர்வையால் மூடினால் என்ன?" என்று யாராவது கேட்பீர்கள். நியாயமான கேள்வி, பல காலம் எல்லோரும் நம்பிய வழி. ஆனால் ஸ்கான் எடுக்கும் இடத்திலேயே ஈயத்தைப் போட்டால் என்ன ஆகும்? உலோகம் செய்த அதே குழப்பத்தை ஈயமும் செய்யும். இயந்திரம் மின்னோட்டத்தை மேலும் ஏற்றலாம், படத்தில் புதிய கீற்றுகள் விழலாம். அமெரிக்க மருத்துவ பௌதிகவியலாளர் சங்கம் 2019இல், இடுப்புப் பகுதியைப் படமெடுக்கும்போது இப்படி மூடும் வழக்கத்தைக் கைவிடச் சொன்னது. அங்கே ஈயம் போடவில்லை என்று யாரும் ரேடியோகிராபரோடு சண்டை பிடிக்க வேண்டாம். அவர் சரியாகத்தான் செய்கிறார்.

இதெல்லாம் எவ்வளவு ஆபத்து என்று கேட்பீர்கள். மறைக்காமல் சொல்கிறேன். இயற்கையிலிருந்து, மண்ணிலிருந்தும் காற்றிலிருந்தும் வானத்திலிருந்தும், உலக மக்கள் சராசரியாக ஆண்டுக்கு 2.4 மில்லிசீவர்ட் கதிரைப் பெறுகிறார்கள். வயிற்றுக்கும் இடுப்புக்குமான ஒரு சி.ரி. ஸ்கான் ஏறக்குறைய 10 மில்லிசீவர்ட். நாலு ஆண்டுகளின் இயற்கைக் கதிர் சில நொடிகளில் வருகிறது. அதனால் வாழ்நாளில் உயிரைப் பறிக்கும் புற்றுநோய் வரக்கூடிய கூடுதல் வாய்ப்பை இரண்டாயிரத்தில் ஒன்று என்று மதிப்பிடுகிறார்கள். எந்த ஸ்கானும் எடுக்காமலே புற்றுநோயால் இறப்பவர்கள் இதைவிடப் பல நூறு மடங்கு. எண்பது வயது ஆச்சிக்கு இந்தக் கூடுதல் வாய்ப்பு இன்னும் சிறியது. ஆகவே ஆச்சியை ஸ்கானுக்குக் கூட்டிக்கொண்டு போவதற்கு யாரும் தயங்கக் கூடாது.

ஆனால் முப்பது வயதில் இடுப்பை மாற்றியவர்? ஸ்டீரொயிட் மருந்தால் தொடை எலும்பின் தலை உக்கிப்போன இளம் பெண்? இருபது வயதில் குண்டுவெடிப்பில் இடுப்பு சிதைந்தவர்? அவர்கள் அந்த உலோகத்தோடு நாற்பது, ஐம்பது ஆண்டுகள் வாழப்போகிறார்கள். மூட்டுக்காகவும், கல்லுக்காகவும், விபத்துக்காகவும் எத்தனையோ முறை அந்த வளையத்துக்குள் போகப்போகிறார்கள். ஒவ்வொரு முறையும் அதே உலோகம் அதே இயந்திரத்தை ஏமாற்றும். என் கவலை அவர்களைப் பற்றியது. அவர்களுக்கு நாங்கள் கொடுப்பது படத்துக்கான கதிராக மட்டும் இருக்கட்டும்.

இயந்திரத்தின் ஓர் அமைப்பு என்ன செய்யும் என்பதற்கு ஒரு சம்பவம். 2009இல் அமெரிக்காவின் லொஸ் ஏஞ்சலிஸ் நகரில் ஒரு பெரிய வைத்தியசாலையில், மூளை ஸ்கானுக்கான அமைப்பு மாற்றப்பட்டதால் இருநூறுக்கும் மேற்பட்ட நோயாளிகள் பெற வேண்டியதைப்போல ஏறக்குறைய எட்டு மடங்கு கதிரைப் பெற்றார்கள். ஏறக்குறைய ஒன்றரை ஆண்டு யாரும் கவனிக்கவில்லை. சிலருக்கு முடி கொட்டிய பிறகுதான் தெரிந்தது. இயந்திரம் பழுதாகவில்லை. சொன்னதைச் செய்தது, அவ்வளவுதான். திரையில் ஒவ்வொரு முறையும் கதிரளவு எண்ணாக வந்துகொண்டுதான் இருந்தது. அதைப் படிக்க ஆள் இருக்கவில்லை!

எங்கள் நாட்டில் 2014ஆம் ஆண்டின் 40ஆம் இலக்க அணுசக்திச் சட்டம் இருக்கிறது. கதிர் இயந்திரம் வைத்திருக்க அனுமதிப்பத்திரம் வேண்டும், சோதனைகள் உண்டு. நல்லது. ஆனால் இன்று காலையில் மேசையில் படுத்த ஒரு நோயாளியின் இடுப்பில் உலோகம் இருப்பது எந்தச் சட்டத்துக்குத் தெரியும்? அது அந்த அறையில் நிற்பவருக்குத்தான் தெரியும். ஸ்கான் முடிந்ததும் கதிரளவுப் பக்கம் ஒன்று படங்களோடு சேர்ந்து வருகிறது. உலோகம் உள்ளவர்களின் எண்களை ஒரு கொப்பியில் எழுதி, அதே பருமனுள்ள உலோகமில்லாதவர்களின் எண்களோடு மாதம் ஒருமுறை ஒப்பிட்டுப் பாருங்கள். பெரிய வேறுபாடு தெரிந்தால் உங்கள் வரம்பைத் திருத்துங்கள்.

நோயாளிகளே, அவர்களின் பிள்ளைகளே, நீங்கள் செய்ய வேண்டியதும் இருக்கிறது. கிளினிக் கொப்பியின் முதற் பக்கத்தில் எழுதி வையுங்கள்: எந்தப் பக்கத்து இடுப்பு, எந்த ஆண்டு, எந்த வைத்தியசாலை, உள்ளே வைத்தது எந்த வகை, எந்த உலோகம். அறுவை செய்த நிபுணரிடம் கேட்டால் சொல்வார். உடம்பில் செல் துண்டு இருந்தால் அதையும் எழுதுங்கள். பழைய படங்களையும் சி.டி.களையும் வீட்டில் விட்டுவிட்டு வராதீர்கள். மட்டக்களப்புக்கோ கண்டிக்கோ கொழும்புக்கோ அனுப்பினால் அவற்றையும் கையோடு கொண்டு போங்கள். போன வாரம் எடுத்த ஸ்கானின் சி.டி. இல்லாமல் போனதற்காக மறுபடியும் எடுப்பதைப்போல வீணான கதிர் வேறில்லை. மாதவிடாய் தள்ளிப்போயிருந்தால், வெட்கப்படாமல், கேட்கும் முன்பே சொல்லுங்கள். மேசையில் ஏறும்போது ரேடியோகிராபரைப் பார்த்து, "மகன், எனக்கு வலது இடுப்பில் உலோகம் இருக்குது, ஸ்கவுட்டில் பாருங்கோ" என்று ஒரு வார்த்தை சொல்லுங்கள். அவர் தன் கைக்குள் இருக்கும் வரம்பைப் போட அந்த ஒரு வார்த்தை போதும்.

பின்வரிசையில் இரண்டு மூன்று பேர் கை உயர்த்திக்கொண்டிருக்கிறார்கள். ஒலிவாங்கியை முதலில் அந்த அம்மாவிடம் கொடுங்கள். அம்மா, கேளுங்கோ.